சின்னப் பிள்ளைகளோடு டென்ட்டில் ஒரு ராத்திரி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மலைப் பக்கம் டென்ட் போட்டுத் தங்குவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். என் பிள்ளைகள் தவழ்ந்த காலத்திலிருந்தே போய் வருகிறோம், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (திருப்பூர்): பிள்ளைகளுக்கு 3 வயதும் 6 வயதும். முதல் தடவை போகிறோம், கொடைக்கானல் சரியா?

முதல் தடவைக்கு வேண்டாம். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500, ஏலகிரி சுமார் 1,100. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி ராத்திரியில் கொடைக்கானல் 10 டிகிரிக்குக் கீழே போய்விடும், அந்தக் குளிரில் போர்வையை உதைத்துத் தள்ளுகிற 3 வயதுப் பிள்ளையோடு நீங்கள் தூங்கவே முடியாது. உங்களுக்கு ஏற்காடு போதும். எந்த மலை, என்ன வியூ என்பதெல்லாம் அந்த வயதில் ஒரு பொருட்டே இல்லை. ஜிப்பைத் திறந்து மூடுவது, டார்ச் அடிப்பது, அப்பா அம்மாவோடு ஒட்டிப் படுப்பது, இதுதான் அவர்களுக்கு விசேஷம். அதனால் சுற்றிப் பார்க்கும் பட்டியலைக் குறைத்துவிட்டு ராத்திரியை மட்டும் ஒழுங்காகத் திட்டமிடுங்கள்.

கேள்வி (சென்னை): எந்த மாதம் நல்லது?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது வேண்டாம். முடிந்தால் சனிக்கிழமை ராத்திரியைத் தவிர்த்துவிடுங்கள். பல இடங்களில் அன்றைக்குத்தான் ஸ்பீக்கர் வைத்து நள்ளிரவு வரை பாட்டு ஓடும், குடியும் இருக்கும். புக் செய்யும்போதே இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி (கோவை): காட்டுக்குள் நாமே ஓர் இடம் பார்த்து டென்ட் போடலாமா?

கூடாது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம், அதைவிடப் பெரியது உயிர். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தார்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், பணம் கட்டித் தங்கும் டென்ட் இடத்திலேயே ஒரு பெண்ணை யானை கொன்றது. ஆகவே தனியார் இடமாக இருந்தாலும் காட்டு எல்லை எவ்வளவு தூரம், யானை நடமாட்டம் உண்டா, ராத்திரி காவலுக்கு ஆள் இருப்பாரா, கழிப்பறை எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும். பதிலை மழுப்பினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி (சேலம்): பாம்புக்குப் பயந்து மாமியார் போகவே விட மாட்டேன் என்கிறார். என்ன சொல்லட்டும்?

அவர் பயம் நியாயமானது, அதற்கு முறையான பதில் சொல்லலாம். ராத்திரியில் நாம் அதிகம் கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிக்கும், பல நேரம் வலியோ வீக்கமோ இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். அடிப்பாகம் தைத்த, ஜிப் முழுதாக மூடுகிற டென்ட்டுக்குள் படுப்பது வெறும் பாயில் வெளியே படுப்பதைவிட எவ்வளவோ பாதுகாப்பு. ஆனால் ஜிப்பை ஒரு விரல் அகலம்கூடத் திறந்து வைக்கக் கூடாது, செருப்பும் ஷூவும் உள்ளேயே இருக்கட்டும், காலையில் உதறிவிட்டுப் போடுங்கள். சாப்பாடு சிந்தினால் உடனே துடையுங்கள், எலி வந்தால் பாம்பு வரும். இருட்டில் டார்ச் இல்லாமல் ஓர் அடி வைக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் விதியாகவே சொல்லிவிடுங்கள்.

குழந்தை விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்று வலி என்றாலோ, இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காதீர்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கை கால் அசையாமல் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கிளம்பும் முன்பே விசாரித்து எழுதி வையுங்கள். இதைச் செய்துவிட்டு மாமியாரிடம் காட்டுங்கள், மனம் இளகலாம்.

கேள்வி (மதுரை): உள்ளே கொசுவத்தி ஏற்றலாமா? குளிருக்குக் கரி அடுப்பு?

இரண்டும் கூடவே கூடாது. டென்ட் துணி சட்டென்று பற்றிக்கொள்ளும். கரிக் கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வலை ஜன்னல் இருக்கிறது, முழுக்கைச் சட்டை போடுங்கள், அது போதும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொசு விரட்டி பூசக் கூடாது, கொசுவலை மட்டும்தான்.

கேள்வி (ஈரோடு): குளிருக்கு எத்தனை போர்வை எடுத்துப் போகட்டும்?

மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம், குளிர் தரையிலிருந்து ஏறும். தடிமனான ஃபோம் ஷீட், அதன்மேல் ஜமக்காளம், அப்புறம் போர்வை. ஓடி விளையாடி வேர்த்த உடுப்போடு படுக்க வைக்காதீர்கள், உள்ளாடை முதல் எல்லாம் காய்ந்ததாக மாற்றுங்கள். மேலே உள்ள காற்றுத் துளைகளை அடைத்தால் மூச்சுக்காற்றே ஈரமாகி உள்பக்கம் சொட்டும், வலை போட்ட அந்தத் துளைகள் திறந்தே இருக்கட்டும். நாலு பேர் டென்ட் என்று போட்டிருப்பதில் நாலு பேர் படுக்கலாம், பை வைக்க இடம் இருக்காது, ஒரு சைஸ் பெரியதாகக் கேளுங்கள்.

கேள்வி (வேலூர்): மலைப் பாதையில் மகள் வாந்தி எடுப்பாள்.

ஏலகிரி என்றால் 14 கொண்டை ஊசி வளைவுகள்தான், கொல்லிமலைக்கு 70. அதனால் கொல்லிமலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், கையில் போன் கொடுக்காதீர்கள், தூரத்தில் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை குழந்தை மருத்துவரைக் கேட்டுத்தான்.

கேள்வி (திருச்சி): போன் இல்லாமல் ராத்திரி எட்டு மணிக்கு மேல் என்ன செய்வது?

அமாவாசையை ஒட்டிப் போங்கள். பிப்ரவரியில் அந்த நேரத்துக்குத் திருவாதிரை நல்ல உயரத்தில் சிவப்பாகத் தெரியும், அதற்கு மேற்கே கொத்தாகக் கார்த்திகை. யாருக்காவது அந்த நட்சத்திரம் என்றால் அந்தக் குழந்தையிடம் காட்டுங்கள், அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்! என் பிள்ளைகள் இன்றுவரை தங்கள் நட்சத்திரத்தைத் தேடுகிறார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): நடுராத்திரி மழை வந்தாலோ பிள்ளை அழுது அடம்பிடித்தாலோ?

அறையும் உள்ள இடமாகப் பார்த்து, தேவைப்பட்டால் ஓர் அறை கிடைக்குமா என்று முன்பே பேசிவிடுங்கள். இடி கேட்ட உடனே டென்ட்டை விட்டு வெளியேறிக் கட்டடத்துக்கோ காருக்கோ போய்விட வேண்டும். அழுகைக்கு அரை மணி நேரம் பாருங்கள், அடங்கவில்லை என்றால் அறைக்குப் போய்விடுங்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். போகும் முன் ஒரு வாரம் வீட்டு ஹாலிலோ மொட்டை மாடியிலோ டென்ட்டைப் போட்டுத் தூங்க வைத்துப் பழக்கினால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினையே வராது.