பெங்களூரில் தையல் கடை வைத்திருக்கிறேன், கூடவே பிளவுஸ் பிட்டும் விற்கிறேன். வாட் பதிவு எடுக்க வேண்டுமா? ஏஜெண்ட் 5,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் சொல்கிறேன்.

பெட்ரோல், டீசல், மது மாதிரி சிலவற்றுக்குத்தான் இப்போது வாட் மிச்சம். நமக்கெல்லாம் 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டிதான். பேர் மாற்றிக் கேட்டதற்காக நான் சிரிக்கவில்லை. என் அப்பா கடைசிவரை வாட் காலத்துப் பதிவு எண்ணின் பேரான 'டின் நம்பர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அல்சூரில் எங்களுக்கு மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. வாட் காலத்தில் கோயம்புத்தூர் சரக்குக்கு 'சி' பாரம் (வெளிமாநிலச் சரக்குக்குக் குறைந்த வரி கிடைக்கக் கொடுக்கும் படிவம்) வாங்க அவர் எத்தனை நாள் கடையைப் பூட்டிவிட்டு அலைந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தலைவலி இப்போது இல்லை.

பதிவு வேண்டுமா என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் '40 லட்சம் வரை ஒன்றும் வேண்டாம்' என்று சொல்லியிருப்பார். பொருள் மட்டுமே விற்பவருக்குத்தான் 40 லட்சம். தையல் கூலி சேவை. எனக்கு ரிப்பேர் கூலி எப்படியோ அப்படி. சேவை கலந்துவிட்டால் வருஷத்துக்கு 20 லட்சம்தான் வரம்பு, அதுவும் லாபம் இல்லை, மொத்த வரவு. உங்களுக்குக் கடை போட்டு மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும், பாதிக்கு மேல் போனில்தான் காசு வரும் என்று நினைக்கிறேன். 2025 ஜூலையில் இங்கே பேக்கரிக்காரர், காய்கறிக்காரர் என்று பலருக்கும் யுபிஐ வரவைப் பார்த்து வணிகவரித் துறை நோட்டீஸ் வந்ததே, கடைக்குக் கடை 'நோ யுபிஐ' என்று அட்டை தொங்கியதே, நினைவிருக்கும். சீட்டுப் பணம், மச்சானுக்குக் கொடுத்த கடன் திரும்பி வந்தது எல்லாம் கடை க்யூஆரிலேயே வாங்கினால் பின்னால் பிரித்துக் காட்டுவது உங்கள் பாடு. வரியை ஏய்க்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வராதீர்கள், கணக்கைத் தனியாக வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். நான் ஆடிட்டரும் இல்லை.

சரி, ஏஜெண்ட் கதைக்கு வருகிறேன்.

2021 கடைசியில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் நான்கு டில்டிங் கிரைண்டர்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. ஜிஎஸ்டி பில் இருந்தால்தான் பணம் என்றார்கள். தெரிந்த பையன் ஒருவன், நம்ம ஊர்ப்பக்கம்தான், 6,000 வாங்கிக்கொண்டு பதிவு எடுத்துக் கொடுத்தான். ஜிஎஸ்டி தளத்தில் பதிவுக்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது என்பது அன்று எனக்குத் தெரியாது. பாரம் நிரப்பும்போது, "அண்ணா, மெயிலெல்லாம் நீங்க எங்க பாக்கப் போறீங்க, என் நம்பரையே போட்டுக்கறேன்" என்றான். கையில் கிரீஸோடு ஒரு மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ் மாற்றிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டிவிட்டேன்.

ஏழெட்டு மாதம் ரிட்டர்ன், அதாவது மாதா மாதம் காட்ட வேண்டிய வரிக்கணக்கு, போட்டான். அப்புறம் போன் எடுக்கவில்லை. நானும் பில் போட்டுக்கொண்டே இருந்தேன், வரி எல்லாம் அவன் பார்த்துக்கொள்கிறான் என்ற நினைப்பில். ஒருநாள் கேன்டீன் கணக்காளர் கூப்பிட்டு, "உங்க நம்பர் சஸ்பெண்டுன்னு காட்டுது, பேமென்ட் நிறுத்தியிருக்கோம்" என்கிறார். நோட்டீஸ்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் வந்திருக்கின்றன, அவன் மெயிலுக்கு. தளத்தில் நுழையலாம் என்றால் ஓடிபி அவன் போனுக்குப் போகிறது!

இதற்கு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உங்கள் வட்டார அதிகாரியிடம் அடையாள அட்டை, பான், கடை ஆவணங்களோடு போனால் மெயிலையும் போன் எண்ணையும் மாற்றித் தருவார்கள். எனக்கு இரண்டு நடை ஆனது. (கன்னடம் தெரியாததால்தான் இழுத்தடித்தார்கள் என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எனக்கு நன்றாகவே வரும், அந்த அதிகாரி அம்மாவும் மரியாதையாகத்தான் பேசினார்.) பாக்கி ஏழு மாத ரிட்டர்னுக்கும் தாமதக் கட்டணம் மட்டும் 13,000 ரூபாயை ஒட்டி வந்தது. வரியும் வட்டியும் தனி. வியாபாரமே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் நாளுக்கு 20 ரூபாய்.

எல்லாம் கட்டியபிறகுதான் சஸ்பென்ஷன் போனது. அதனால்தான் சொல்கிறேன், பதிவு விண்ணப்பத்தை நீங்களே உட்கார்ந்து போடுங்கள். பான், ஆதார், போட்டோ, வங்கிக் கணக்கு, கடைக்கான ஆவணம், அவ்வளவுதான். வாடகைக் கடை என்றால் ஒப்பந்தமும், கட்டடக்காரர் பெயரில் கரென்ட் பில், வரி ரசீது, காத்தா (மாநகராட்சிச் சொத்துப் பதிவேடு) நகல் இவற்றில் ஏதாவது ஒன்றும் போதும். அதற்குமேல் தேவையில்லாமல் கேட்கக் கூடாது என்று 2025 ஏப்ரலில் ஜிஎஸ்டியைப் பார்க்கும் மத்திய மறைமுக வரி வாரியமே தன் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது.

ஆனால் அந்த ஒரு பில்லை வாங்குவதற்குள் உயிர் போய்விடும். எங்கள் கட்டடக்காரரிடம் பெஸ்காம் கரென்ட் பில் நகல் கேட்டால், "நாளைக்கு என் வாடகையையும் தோண்டுவாங்க" என்று மூன்று வாரம் இழுத்தார். பில்லோ செத்துப்போன அவர் அப்பா பேரில். பத்து மாத அட்வான்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, காலி பண்ணும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பார்கள், பெயிண்டே அடிக்காமல். முந்தைய கடையில் சுவரில் என் ஆணி அடித்த ஓட்டை இன்றும் அப்படியே இருக்கிறது, நானே போய்ப் பார்த்தேன். இதைக் கேட்க எந்த இலாகாவும் இல்லை.

காம்பஸிஷன் என்று சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம் ஒன்று உண்டு. வரி ஒரு சதவீதம்தான் என்று ஆசை காட்டுவார்கள், அது பொருள் வியாபாரிக்கு. கூலிதான் பெரும்பகுதி என்றால் 6 சதவீதம், 50 லட்சம் வரை. அதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கவும் முடியாது, கையிலிருந்துதான் போகும். உங்களிடம் ஜிஎஸ்டி பில் கேட்கும் கம்பெனி இல்லையென்றால் யோசிக்கலாம்.

எண் வந்ததும் கடைப் பலகையில் எழுத வேண்டும். கர்நாடகம் என்பதால் 29-இல் தொடங்கும், அப்புறம் உங்கள் பான், மொத்தம் 15 எழுத்து. பெயிண்டர் பக்கத்திலேயே நின்று சரிபாருங்கள். என் பலகையில் கடைசிக்கு முந்தைய இசட்டை 2 என்று எழுதிவிட்டார், நான்தான் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன்.