ஆறு வாரமும் ஆறு நாடும்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை முதலாண்டு மாணவி. வரும் கோடை விடுமுறையில், ஜூன் நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை, முதுகுப்பையுடன் தனியாகத் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகிறேன். தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா, இந்தோனேசியா என்று ஆறு வாரத்தில் ஆறு நாடுகளை முடிப்பது திட்டம். அட்டவணையை இணைத்திருக்கிறேன். எந்த ஊரிலும் இரண்டு இரவுக்கு மேல் தங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது மழைக்காலம், பயணமே கெட்டுவிடும், டிசம்பருக்குத் தள்ளிப்போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். டிசம்பரில் எனக்கு விடுமுறை இல்லை. மழையில் எதை விடலாம், எதை விடக்கூடாது? கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கு ஒரு நாள் போதுமா? 40 லிட்டர் பை போதுமா? தனியாகப் போகும் பெண் எதிலெல்லாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்? நீங்கள் அந்தப் பக்கம் நிறைய அலைந்தவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

பையை முதலில் முடித்துவிடுகிறேன். அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற முடிந்தால் போதும், லிட்டர் கணக்கெல்லாம் விற்பவர்களின் கவலை. தனியாகப் போகும் பெண்ணுக்கான எச்சரிக்கைகளை அப்படிப் போய்வந்த பெண்களிடம் கேளுங்கள். நிறையப் பேர் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்; அந்த இடத்தில் நான் உபதேசம் செய்வது அழகல்ல. ஒன்றே ஒன்று, டெங்கு. அந்தக் கொசு பகலில் கடிப்பது. கிளம்புவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இனி மழை. உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் ஆறு நாடுகளையும் ஒரே மேகத்தின் கீழ் வைத்துவிடுகிறார்கள். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தாய்லாந்தின் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைத்திருப்பார்கள். அதே நாட்களில் மலேசியாவின் கிழக்குக் கரையில், பெர்ஹெந்தியானிலும் தியோமானிலும், கடல் அமைதியாக இருக்கும். மத்திய வியட்நாமில், ஹுவே, தா நாங், ஹோய் ஆன் பகுதிகளில், கொளுத்தும் வெயில். அவர்களுடைய மழை செப்டம்பருக்குப் பிறகு. ஜாவாவிலும் பாலியிலும் அது வறண்ட காலம். மழை பெய்யும் இடங்களிலும் பெரும்பாலும் நாள் முழுக்க விடாமல் பெய்வதில்லை. 1296இல் சீனப் பேரரசின் தூதுக்குழுவோடு அங்கோருக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கிய சௌ தாகுவான், நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை தினமும் மழை, அதுவும் பிற்பகலில்தான் என்று குறித்து வைத்திருக்கிறார். காலையில் சுற்றுங்கள், மதியத்துக்கு மேல் ஏதாவது ஒரு கூரைக்குக் கீழே உட்காருங்கள். 700 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்ட பதில் இது.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மழை அல்ல, அந்த அட்டவணை. எண்ணிப் பார்த்தேன். 42 நாளில் 24 ஊர். அதில் 11 இரவுகள் பேருந்தில். எந்த ஊரிலும் இரண்டு இரவுக்கு மேல் தங்காமல் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்கிறீர்கள், காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதைப் போல! ஒரு நாட்டை 'முடிப்பது' என்றால் என்ன என்று எனக்கு இதுவரை யாரும் விளக்கியதில்லை. பேருந்து நிலையத்தில் விடியற்காலை இறங்கி, விடுதியில் அறை தயாராகும்வரை வாசலில் தூங்கி, மாலையில் ஒரு கோயில், இரவில் ஒரு சந்தை, மறுநாள் மதியம் அடுத்த பேருந்து. இதற்கா இத்தனை மாதம் பணம் சேர்த்தீர்கள்? கோபத்தில் சொல்லவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

சில வாரங்களாகவே பௌத்த பிக்குகளின் மழைக்காலத் தங்கல் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போகும் நாட்களில்தான் அது தொடங்குகிறது. ஜூலை முழுநிலவையொட்டி தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றிலும் பிக்குகள் ஏதாவது ஒரு விகாரையில் அமர்ந்துவிடுவார்கள். மூன்று மாதம் அங்கேதான் இரவு தங்க வேண்டும். தாய் தந்தையர் நோய்ப்பட்டால், அல்லது அதுபோல விலக்க முடியாத காரணம் இருந்தால், ஏழு நாள் வரை வெளியே போய்வர அனுமதி உண்டு. அவ்வளவுதான்.

இந்த விதி எப்படி வந்தது என்று, பிக்குகளின் ஒழுக்க விதிகளைத் தொகுத்த விநய நூல்கள் ஒரு கதை சொல்கின்றன. புத்தரின் சீடர்கள் எல்லாப் பருவங்களிலும் நடந்துகொண்டே இருந்தார்கள். அலைவதுதானே துறவு. ஆனால் மழைக்காலத்தில் அவர்கள் பசும்புல்லையும் முளைத்துவரும் செடிகளையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு போவதாக மக்கள் முறையிட்டார்கள். பறவைகள்கூட இந்தப் பருவத்தில் மரத்தில் கூடு கட்டி அடங்குகின்றனவே, இவர்களுக்கு மட்டும் என்ன என்று கேட்டார்கள். புத்தர் அந்தப் புகாரை ஏற்று, மழையில் ஓரிடத்தில் தங்குங்கள் என்று விதித்தார். (சமணத் துறவிகளும் நான்கு மாதம் இப்படித் தங்குவார்கள்.) எனக்கு இதில் பிடித்தது, விதி மேலிருந்து வரவில்லை என்பது. ஊர்க்காரர்கள் திட்டியதால் வந்த விதி. வழிப்போக்கனைப் பார்த்து, கொஞ்சம் நில்லப்பா, காலடியில் என்ன இருக்கிறது என்று பார் என்று ஊர்க்காரன் சொன்னது.

பிக்குகளின் மூப்பைக் கணக்கிடுவதும் இந்தத் தங்கல்களை வைத்துத்தான். அறுபது வயதில் துறவு பூண்டவர், அவருக்கு முன்பே பூண்டு அதிக மழைகளைக் கழித்த இளைஞனுக்குக் கீழேதான் உட்கார வேண்டும். எத்தனை ஊர் போனாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வடக்கு லாவோஸில் ஒரு மூத்த பிக்குவிடம், எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். 31 மழை என்றார்.

தாய்லாந்தில் இது பிக்குகளின் விவகாரம் மட்டுமல்ல. இளைஞர்கள் இந்த மூன்று மாதத்துக்கு மட்டும் மொட்டையடித்துத் துறவு பூணும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அரசு ஊழியர்களுக்கு அதற்கென 120 நாள் வரை விடுப்பு கிடைக்கும். மழையில் குளிப்பதற்கான துணியையும் மெழுகுவர்த்திகளையும் மக்கள் விகாரைகளுக்குக் கொடுப்பார்கள். இருண்ட மாதங்களில் பிக்குகள் படிக்க வெளிச்சம் வேண்டுமென்று தொடங்கிய வழக்கம், இன்று உபோன் ராட்சதானியில் வண்டிகளில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுபோகும் பிரம்மாண்ட மெழுகுச் சிற்பங்களாக வளர்ந்து நிற்கிறது. உங்கள் அட்டவணையில் உபோன் இல்லை. பட்டாயா இருக்கிறது.

நான் என்ன பிக்குணியா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஆனால் அந்த நிலம் முழுவதும் அந்த மாதங்களில் ஒரு வேலையில் இறங்கியிருக்கிறது. நாற்று நடவு. பிக்கு விகாரையில், விவசாயி வயலில். ஓடிக்கொண்டிருப்பது மழைச்சட்டை போட்ட பயணிகள் மட்டும்தான்.

லாவோஸில் நாம் ஊ ஆற்றங்கரையில் நோங் கியாவ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இருபுறமும் சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக நிற்கும், நடுவில் ஒரு பாலம். (அந்த ஆற்றில் இப்போது ஏழு அணைகள் வந்துவிட்டன. நான் சொல்வது அதற்கு முந்தைய காலம்.) ஒரு ஜூலையில் நான் அங்கே இருந்தபோது லுவாங் பிரபாங் போகும் சாலையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோயின. அதே விடுதியில் ஓர் ஐரோப்பிய இளைஞன் தங்கியிருந்தான். உங்களைப் போலவே அட்டவணைக்காரன். காலையில் எழுந்ததும் பாலத்தில் போய் நின்று, சாலை திறந்துவிட்டதா என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்பான். திரும்பி வந்து கைபேசியில் அடுத்த ஊரில் ஓர் இரவைக் குறைப்பான், அதற்கடுத்த ஊரையே அடிப்பான். என்னிடம் வந்து, மூன்று நாள் வீணாகிவிட்டது என்று கிட்டத்தட்ட அழுதான்.

விடுதிக்காரப் பெண்மணிக்கு எங்களைக் கவனிக்க நேரமில்லை. பின்பக்கத்து வயலில் நடவு. நாற்றங்காலில் குனிந்து இரண்டு கைகளாலும் நாற்றைக் கொத்தாகப் பிடுங்குவார். ஒற்றைக் காலைத் தூக்கி, வேர்ப்பகுதியைப் பாதத்தில் பட்பட்டென்று அடித்துச் சேற்றை உதிர்ப்பார். மூங்கில் நாரால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். கத்தியை எடுத்து நாற்றின் நுனிகளை ஒரே வீச்சில் சமமாகச் சீவிவிட்டு நாற்றுக்கட்டை வரப்பில் எறிவார். நுனியை ஏன் வெட்டுகிறீர்கள் என்று சைகையில் கேட்டேன். உள்ளங்கையை நிமிர்த்தி, காற்றில் அப்படியே சாய்த்துக் காட்டினார். நீளமாக விட்டால் வேர் பிடிப்பதற்குள் சாய்ந்துவிடுமாம். எல்லாம் ஒட்டரிசி. மாலையில் எங்களுக்கு மூங்கில் கூடையில் ஆவி பறக்க வருவதும் அதுதான்.

அந்த இளைஞன் ஒருநாள் சலித்துப்போய் வயலில் இறங்கினான். ஒரு வரிசை நட்டான். அந்த அம்மாள் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார், வரிசை முழுவதையும் பிடுங்கி மறுபடி நட்டார். அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று, ஆனாலும் இருட்டும்வரை கரையேறவில்லை. மறுநாள் சாலை திறந்தது. முதல் வண்டியில் ஏறிப் போய்விட்டான். அவன் மனம் மாறிவிட்டது, பயணத்தைப் புரிந்துகொண்டான் என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

நான் சொல்வது இதுதான். அவன் வீண் என்று சொன்ன அந்த நாட்களில்தான் லாவோஸ் என்ற நாடு அங்கே நடந்துகொண்டிருந்தது. அவனைத் தடுத்தது மழை அல்ல. இரண்டு இரவுக்கு மேல் தங்காதே என்ற விதியை யாரும் அவனுக்கு விதிக்கவில்லை, அவனே விதித்துக்கொண்டான். வறண்ட காலத்தில் போனால் இந்த விதியோடு ஓடிவிட்டு வந்துவிடலாம். மழை அதற்கு இடம் கொடுக்காது. அதனால்தான் மழையில் போங்கள் என்கிறேன்.

இளமையில் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடு, பிறகு பிடித்ததற்குத் திரும்பிப் போகலாம் என்று ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சிக்காரர்களில் திரும்பிப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. செலவாகும் என்றும் சொல்லாதீர்கள். காசைத் தின்பது பேருந்தும் எல்லைக் கட்டணமும்தான். அறை வாடகை மழைக்காலத்தில் இறங்கும், ஒரே இடத்தில் வாரக்கணக்கில் தங்கினால் இன்னும் இறங்கும்.

எதை விடக்கூடாது என்று கேட்டீர்கள். கம்போடியாவின் தொன்லே சாப் ஏரி. வறண்ட காலத்தில் அந்த ஏரியின் நீர் அதே பெயருள்ள ஆற்றின் வழியாகத் தலைநகர் நோம்பென்னுக்கு ஓடி மேக்கோங்கில் கலக்கிறது. மழை தொடங்கி மேக்கோங் பெருகியதும் அந்த ஆறு திசை மாறுகிறது. மேக்கோங்கின் நீர் எதிர்த்து ஏறி ஏரிக்குள் புகுகிறது. ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடந்த ஏரி, நல்ல வெள்ளம் வரும் ஆண்டில் 15,000 வரை விரியும். கரையோரக் காடு மூழ்கி, மீன்கள் மரங்களுக்கிடையே குஞ்சு வளர்க்கும். நவம்பர் வாக்கில் ஆறு மறுபடி திரும்பும்போது நோம்பென்னில் படகுப் போட்டியோடு திருவிழா. பெரிய மரங்கள் மூழ்கி உச்சி மட்டும் தெரிவதைச் சௌ தாகுவானும் எழுதியிருக்கிறார். ஏரியோரக் கிராமமான கம்போங் ப்ளுக்கில் வீடுகள் ஏன் அத்தனை உயரமான கால்களில் நிற்கின்றன என்பது, நீர் ஏறுவதை வாரக்கணக்கில் பார்த்தால் புரியும், ஒரு பிற்பகலில் புரியாது. 2019இலும் 2020இலும் இந்தத் தலைகீழ் ஓட்டம் தாமதமாகி வலுவிழந்தது. வறட்சி ஒரு காரணம், மேக்கோங்கின் மேல்பகுதியில் கட்டப்பட்ட அணைகள் இன்னொன்று. பார்க்க வேண்டியதை இப்போதே பாருங்கள்.

எதை விடலாம் என்றால், குகைகள். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் போன 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களை மீட்கப்போன ஒரு முக்குளிப்பவர் உள்ளேயே இறந்தார். மழையில் எந்தக் குகைக்குள்ளும் போகாதீர்கள், வழிகாட்டி எவ்வளவு சிரித்தாலும். லாவோஸில் ஹுவே ஸாயிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு மேக்கோங்கில் போவதானால், பாக்பெங்கில் ஓர் இரவு நின்று போகும் மெதுவான படகில் ஏறுங்கள். வேகப்படகின் பக்கமே போக வேண்டாம். பெருக்கில் மரக்கட்டைகள் மிதந்து வரும்.

அங்கோரின் ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62, ஏழு நாள் சீட்டு 72. மூன்று நாளும் தொடர்ந்து போக வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். ஏழு நாள் சீட்டுக்கு ஒரு மாதம் அவகாசம். பத்து டாலர் வித்தியாசத்தில் நான்கு நாள் கூடுதல். அதையே வாங்குங்கள். சீட்டில் உங்கள் படத்தை அங்கேயே எடுத்து அச்சிட்டுக் கொடுப்பார்கள்.

இந்தோனேசியாவையும் மலேசியாவையும் நீக்கிவிட்டு, வியட்நாமைப் பற்றியும் யோசித்துவிட்டு, புதிய அட்டவணையை எனக்கு அனுப்புங்கள். அதில் ஏதாவது ஓர் ஊருக்கு மூன்று வாரம் ஒதுக்கியிருக்காவிட்டால் நான் பதில் போடப்போவதில்லை.