22 வயதுக் குதிரையின் முதுகு ஏன் வற்றுகிறது?

கேள்வி: எங்கள் காயடித்த குதிரைக்கு 22 வயது. எலஹங்கா பக்கம் ஒரு லாயத்தில் விட்டிருக்கிறோம். ஒரு வருடமாக முதுகெலும்பு துருத்திக்கொண்டு வருகிறது, புட்டச் சதை வற்றிவிட்டது, வயிறு மட்டும் தொங்குகிறது. புல்லைப் பாதி மென்று உருண்டையாகத் துப்புகிறது. "வயசாச்சு, அப்படித்தான்" என்கிறார் குதிரையைப் பராமரிக்கும் சைஸ். கொள்ளுத் தீவனத்தைக் கூட்டியும் பலனில்லை. ஜிம்முக்குப் போகும் என் மகனின் புரோட்டீன் பவுடரைக் கொடுக்கலாமா?
- வாசகர், பெங்களூரு

பதில்: பவுடர் மகனுக்கே இருக்கட்டும். அதில் பெரும்பாலானவை பாலிலிருந்து எடுப்பவை. வளர்ந்த குதிரைக்குப் பால் சர்க்கரை சரியாகச் செரிக்காது.

சைஸ் சொல்வது பாதி சரி. வயதானால் தசை கொஞ்சம் குறையும்தான். ஆனால் புல் உருண்டையைத் துப்புவது வயது இல்லை, பல். குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. மேலெழும்பித் தேய்ந்துகொண்டே இருக்கும். இருபது வயதைத் தாண்டும்போது சில பற்கள் தேய்ந்து முடிந்து ஆடும், சில கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். மயக்க ஊசி போட்டு, வாயை விரித்து வைக்கும் கருவி மாட்டி, உள்ளே கையைவிட்டுப் பார்க்க வேண்டும். கூரான விளிம்பை அரத்தால் ராவினாலே சில குதிரைகள் மறுவாரம் நன்றாக மெல்லத் தொடங்கிவிடும்.

முதுகு வற்றி வயிறு தொங்குவதுதான் எனக்கு அதிகக் கவலை. 15 வயதைக் கடந்த குதிரைகளுக்குப் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் பிபிஐடி என்ற நோய் சகஜம். குஷிங் என்றும் சொல்வார்கள். ரோமம் நீண்டு, உதிராமல் நிற்கிறதா? தண்ணீர் அதிகம் குடித்து, அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறதா? ரத்தத்தில் ஏசிடிஹெச் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். உறுதியானால் பெர்கோலைடு மருந்து ஆயுள் முழுக்கத் தேவை. இந்த நோயுள்ள குதிரைகளில் பலவற்றுக்கு மாவுச்சத்து கூடினால் குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே முடியாமல் போகும். அதனால் முடிவு வரும்வரை கொள்ளை மேலும் கூட்டாதீர்கள்.

நம் நாட்டில் சர்ராவையும் மறக்கக் கூடாது. கடிக்கும் ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி இது. 1880இல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் அன்றைய பஞ்சாபில் கண்டுபிடித்தார், இன்றும் ஓய்ந்தபாடில்லை. விட்டுவிட்டுக் காய்ச்சல், கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம், நன்றாகத் தின்றும் இளைப்பது இதன் அடையாளங்கள். ரத்தம் எடுக்கும்போதே இதற்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாணத்தைச் சோதிக்காமல் குடற்புழு மருந்தும் வேண்டாம்.

தீவனத்துக்கு வருவோம். மெல்ல முடியாத குதிரைக்கு நீண்ட வைக்கோல் வீண். குதிரை மசால் என்ற பசுந்தீவனத்தைப் பொடியாக நறுக்கிக் கொடுங்கள். குச்சித் தீவனத்தைக் கஞ்சி பதத்துக்கு ஊறவைத்தே வையுங்கள், உலர்ந்ததை விழுங்கினால் தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். தசைக்குத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம் சோயா புண்ணாக்கில் நன்றாக இருக்கிறது. அதைச் சிறிதளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாம். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நச்சு இருக்கும் வாய்ப்பு அதிகம், நான் அதைச் சொல்வதில்லை. தின்பது மட்டும் தசையாகாது. கால் வலி இல்லையென்றால் தினமும் கையில் பிடித்து நடத்துங்கள்.

எடைக்கு டேப் போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து புட்டமுனை வரை நீளம், இரண்டையும் செ.மீ.யில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு. 180, 160 என்றால் சுமார் 436 கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதி வையுங்கள். ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்கள் குதிரை மருத்துவரிடமோ போகும்போது அந்தத் தாளையும், வெவ்வேறு மாதங்களில் எடுத்த முதுகுப் படங்களையும் கொண்டு செல்லுங்கள்.