ஷிட்சூ நாய்க்கு மொட்டை அடிக்கலாமா?

கேள்வி: மதுரையில் மொட்டை மாடிக்குக் கீழ் வீடு. எட்டு மாத ஆண் ஷிட்சூ வளர்க்கிறோம். வெயில் தொடங்கியதிலிருந்து ஓயாமல் மூச்சிரைக்கிறது. மொட்டை அடித்தால் சூடு குறையுமா? ஒரு கண்ணில் நீர் வடிகிறது, வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை விடலாமா?

பதில்: முதலில் அந்தச் சொட்டு மருந்தை விடாதீர்கள். மனிதர்களுக்குக் கொடுக்கும் கண் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். கருவிழியில் சின்னப் புண் இருந்து, அதன்மேல் ஸ்டீராய்டு பட்டால் புண் ஆழமாகி கண்ணே போய்விடலாம். ஷிட்சூவுக்குக் கண் பெரியது, கண்குழி ஆழமில்லாதது, அதனால் மூக்குத்தண்டின் மேல் வளரும் முடிகூடக் கருவிழியில் உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு கண்ணிலும் லேசாக நீர் வடிந்து முடி பழுப்பாவது இந்த இனத்தில் சகஜம். உங்களுக்கு ஒரு கண்ணில் மட்டும் என்கிறீர்கள். அந்தக் கண்ணைச் சுருக்கினாலோ, காலால் தேய்த்தாலோ, கருவிழி நீலம்பாய்ந்த வெள்ளையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். கண்ணில் சாயம் விட்டுப் பார்த்தால் புண் இருக்கும் இடம் பச்சையாகத் தெரிந்துவிடும், சில நிமிட வேலைதான். இன்னொன்று, பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இந்த நாய்களுக்குக் கண்விழி வெளியே பிதுங்கிவிடும் அபாயம் உண்டு. குழந்தைகளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

சரி, மொட்டைக்கு வருவோம். வேண்டாம். நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் பெரிதாக வியர்க்காது. உடல் சூடு பெரும்பாலும் மூச்சிரைப்பு வழியாகத்தான் வெளியேறுகிறது. ஷிட்சூவின் முகம் குட்டை, மூக்குப் பாதையும் குட்டை, மற்ற நாய் சுலபமாக ஆற்றிக்கொள்ளும் சூட்டை இது சிரமப்பட்டுத்தான் ஆற்றும். ஆக, சிக்கல் முடியில் இல்லை, முகத்தில் இருக்கிறது. தோல் தெரிய மழித்தால் வெயில் நேராகத் தோலைச் சுடும். ஒரு விரல்கடை நீளம் விட்டு வெட்டச் சொல்லுங்கள், அது போதும். நிற்காமல் வளரும் முடி என்பதால் தினமும் சீவ வேண்டும், குறிப்பாகக் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிடுங்கள், நனைந்தால் சிக்கு இன்னும் இறுகிக்கொள்ளும்.

உண்மையில் குறைக்க வேண்டியது அறையின் சூட்டை. மொட்டை மாடித் தளம் பகலில் வாங்கிய வெயிலை ராத்திரி முழுக்க வீட்டுக்குள் இறக்கும். மதுரைக் காற்று ஓரளவு வறண்டது என்பதால் ஏர் கூலர் கைகொடுக்கும் (சென்னைப் புழுக்கத்தில் அது அவ்வளவாக எடுபடாது), ஏசி இருந்தால் இன்னும் நல்லது. நடைக்கு விடிகாலையில் கூட்டிப் போங்கள், கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். நாக்கு கருஞ்சிவப்பாகி, கெட்டி எச்சில் வழிந்து, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நாய்க்கு இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், 104-ஐத் தாண்டினால் ஆபத்து. உடனே குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, மின்விசிறியைப் போட்டு, அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

எடை கூடினால் மூச்சுத் திணறலும் கூடும். வளர்ந்த ஷிட்சூ நாலு முதல் ஏழு கிலோ இருக்கலாம், தடவினால் விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். சாம்பார் சாதம் கொடுக்கிற வீடுகள் நிறைய. அதிலிருக்கும் வெங்காயம் நாயின் ரத்தத்தையே கெடுக்கும், நிறுத்திவிடுங்கள். திராட்சையும் ஆகாது.

மூச்சை இழுக்கும்போது நாசித் துளைகள் உள்ளே ஒட்டுகின்றனவா என்று கவனியுங்கள். ஒட்டினால் சிறு அறுவை சிகிச்சையில் துளையை அகலப்படுத்தலாம். எட்டு மாதத்தில் பால் கோரைப்பல் விழாமல் புதுப் பல்லோடு சேர்ந்து நின்றால் அதையும் பிடுங்க வேண்டும். குட்டை முக நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து கொஞ்சம் அதிகம். அதனால் கருத்தடையும் செய்வதாக இருந்தால், மூன்றையும் ஒரே மயக்கத்தில் முடிக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.