மார்த்தா என்றால் கசப்பா?

கேள்வி: ஞானஸ்நானத்தில் மகளுக்கு மார்த்தா என்று பெயர் வைக்க நினைக்கிறோம். அது எபிரெயப் பெயர், ‘கசப்பு’ என்று அர்த்தம் என்கிறார் உறவினர் ஒருவர். வைக்கலாமா? மார்த்தா, மார்த்தாள், எது சரி?

பதில்: தாராளமாக வையுங்கள். உறவினர் சொல்வது ‘மாரா’ என்ற வேறு பெயர். கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துப் பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமி, தன்னை இனி மாரா என்று கூப்பிடச் சொன்னாளே (ரூத் 1:20), அதுதான் எபிரெயத்தில் கசப்பு. காதுக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேர் வேறு.

மார்த்தா அரமேயச் சொல். அந்த மொழியில் ‘மாரே’ என்றால் ஆண்டவர், எஜமான். அதன் பெண்பால்தான் மார்த்தா: தலைவி, எஜமானி. நடுவில் உள்ள ‘த்’ பெண்பாலைக் காட்டுகிறது. கடைசி ‘ஆ’ ‘இன்ன தலைவி’ என்று சுட்டும் விகுதி. இந்தச் சொல் உங்களுக்குப் புதிதல்ல. 1 கொரிந்தியர் 16:22இல் வரும் ‘மாரநாதா’வை ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’ என்று பிரிக்கிறார்களே, அதிலும் இதே ‘மாரே’தான். கேரளத்துச் சுரியானி ஆயர்களின் பெயருக்கு முன்னால் வரும் ‘மார்’, அங்குள்ள கோயில்களின் ‘மர்த்த மரியம்’ எல்லாம் ஒரே குடும்பம். சுரியானி அரமேயத்தின் ஒரு கிளைதானே.

பழைய ஏற்பாட்டில் மார்த்தா என்று யாருமே இல்லை. இயேசுவின் காலத்தில் யூதேயாவில் புழங்கிய பேச்சுமொழி அரமேயம் என்பதால் லூக்காவிலும் யோவானிலும் வருகிறாள். யூதர்களுக்கு மட்டுமே உரிய பெயரும் அல்ல. ரோமத் தளபதி மாரியுஸ், கி.மு. 102ஐ ஒட்டிய போரின்போது, குறிசொல்லும் ஒரு சீரியப் பெண்ணைப் பல்லக்கில் வைத்துக் கூடவே அழைத்துப் போனார் என்று பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அவள் பெயரும் மார்த்தாதான்! லூக்கா 10:38இல் இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டவள் மார்த்தாள். வீட்டுத் தலைவிக்குப் பொருத்தமான பெயர்தான்.

சரி, எழுத்துக்கு வருவோம். ‘ஆள்’ நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு சேர்த்த தமிழ் விகுதி. மரியாள், தபீத்தாள் போல. (தபீத்தாவும் அரமேயம்தான், பெண்மான் என்று பொருள்.) கத்தோலிக்கர் மார்த்தா என்கிறார்கள். மூலத்துக்கு நெருக்கம் அதுவே, ஆனால் மார்த்தாள் தப்பில்லை. எதைத் தேர்ந்தாலும் பிறப்புச் சான்றிதழிலும் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். பின்னால் பள்ளியில் சேர்க்கும்போது ஒரு ‘ள்’ளுக்காக அலைய வேண்டாம்.