சாவி போட்டதும் ஏர்பேக் லைட்டைப் பாருங்க

கேள்வி: கார் உள்பக்கம் கிளீன் பண்ணக் குடுத்துட்டு வந்ததுல இருந்து ஏர்பேக் லைட் அணையவே மாட்டேங்குது. வண்டி நல்லாத்தான் ஓடுது, அப்படியே ஓட்டலாமா? (ஈரோடு)

வண்டி ஓடும், ஆனா மோதினா ஏர்பேக் விரியாமப் போகலாம், அதுக்குத்தான் அந்த லைட். சீட்டுக்கு அடியில மஞ்சள் கலர் கனெக்டர் இருக்கும், கிளீன் பண்றவங்க சீட்டை முன்ன பின்ன இழுத்ததுல லூஸ் ஆகியிருக்கலாம். நீங்களா கையை விட்டு நோண்டாதீங்க, ஏர்பேக்ல என்ன கோளாறுன்னு சொல்ற கோட் நம்பரைப் படிக்கிற ஸ்கேனர் இருக்கிற இடத்துக்குப் போங்க, வந்த கோட் நம்பரை பில்லுல எழுதி வாங்குங்க.

கேள்வி: ஹாரனும் அடிக்கல, லைட்டும் எரியுது. மெக்கானிக் ஏர்பேக்கையே மாத்தணும்ங்கறார். (கோவை)

மாத்தாதீங்க. ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா முதல்ல ஸ்டியரிங்குக்குள்ள இருக்கிற கிளாக் ஸ்பிரிங்கைப் பாக்கச் சொல்லுங்க, ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் கரண்ட் கொண்டு போற சுருள் வயர் அதுதான்.

கேள்வி: மூணு மாசமா எரியுது, கண்ணை உறுத்துதுன்னு மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். தப்பா?

தப்பு. அதே வண்டியிலதானே குழந்தைங்களையும் ஏத்திட்டுப் போறீங்க? ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டு நாளைக்கே சர்வீஸுக்கு விடுங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி ரெண்டு மாசம். ஏர்பேக் ஏற்கனவே வெடிச்சது, உள்ள ஒண்ணுமே இல்லைன்னு சர்வீஸ்ல சொல்றாங்க. வித்த டீலர் கையை விரிக்கிறார். (மதுரை)

உங்களைச் சொல்லிக் குத்தமில்ல, இது திட்டம் போட்டுப் பண்ற மோசடி. எனக்கும் நடந்திருக்கு. நான் வாங்கின வண்டியில லைட்டே எரியல, நல்ல வண்டிபோலன்னு சந்தோஷப்பட்டேன், அப்புறம் மீட்டரைக் கழட்டினா பல்பையே பிடுங்கி வச்சிருக்காங்க, அந்த வண்டியில ஒன்றரை வருஷம் எங்கம்மாவை முன்சீட்டுல உக்கார வச்சு ஓட்டியிருக்கேன், இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. சாவியை ஆன் பண்ணதும் அந்த லைட் சில செகண்ட் எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா எரிஞ்சுட்டே இருக்கிறதைவிட மோசம். இன்னும் சிலர் பல்பை விட்டுட்டு ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்துல ஏர்பேக் இருக்கிற மாதிரியே ஏமாத்துற ரெசிஸ்டர்ங்கிற சின்ன எலக்ட்ரிக் பாகத்தைச் சொருகிடறாங்க, லைட் ஒழுங்கா எரிஞ்சு அணையும், உள்ள காலி. அதனால டேஷ்போர்டுல வெட்டு, ஒட்டு, கலர் வித்தியாசம், முன்பக்க ஆக்சிடென்ட் இன்சூரன்ஸ் கிளைம் எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுக்கணும். நீங்க சர்வீஸ் ரிப்போர்ட்டைக் கையெழுத்தோட வாங்கி டீலருக்கு நோட்டீஸ் விடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் பண்ணுங்க. அசையலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வாங்கின விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது. விடாதீங்க.

கேள்வி: பழைய கார். ஏர்பேக் ரீகால்னு, அதாவது கோளாறான பாகத்தை மாத்த வண்டியைக் கொண்டு வாங்கன்னு, கம்பெனி மெசேஜ் வந்துச்சு. லைட்தான் எரியலையே?

ஏர்பேக்கை ஊதி விரிய வைக்கிற பாகம் இன்ஃப்ளேட்டர், அதுக்குள்ள இருக்கிற மருந்து கெட்டுப்போனா அந்த லைட் காட்டாது. டகாட்டாங்கிற ஜப்பான் கம்பெனியோட இன்ஃப்ளேட்டர்ல வருஷக்கணக்கா சூடும் ஈரமும் பட்டு உள்ள இருக்கிற அமோனியம் நைட்ரேட் கெட்டுப்போய், விரியும்போது இரும்புத் துண்டு தெறிச்சு ஆளுங்க செத்திருக்காங்க. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சேஸிஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்க, ரீகால்னா காசு வாங்காமத்தான் மாத்துவாங்க.