வீட்டுக்கு எத்தனை ஓட்டு?

அன்புள்ள அண்ணனுக்கு,

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் கடை வைத்திருக்கிறேன். மகனுக்குப் பத்தொன்பது வயது. ஓட்டர் லிஸ்ட்டில் பேர் சேர்க்கச் சொன்னால் "யார் வந்தா என்னப்பா" என்கிறான். ஆனால் போனில் விடிய விடிய அரசியல் வீடியோதான். இந்தப் பிள்ளைகளுக்கு அக்கறையே இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அக்கறை இல்லாதவன் விடிய விடிய அதைப் பார்க்க மாட்டான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அலங்காநல்லூரிலும் மதுரை தமுக்கம் மைதானத்திலும் ராப்பகலாக உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு நம்பிக்கை விட்டுப்போன இடம் வேறு.

போன தேர்தல் சமயத்தில் ஒருநாள் ராத்திரி பத்து மணி இருக்கும். கையில் பட்டியலோடு இரண்டு பேர் பக்கத்து வீட்டு வாசலில் நின்றார்கள். "அண்ணே, நாலு ஓட்டுதானே?" வீட்டுக்காரர் தலையாட்டினார். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கவர். முதல் ஓட்டுப் போடவிருந்த மகள் கதவிடுக்கில் நின்று, "அப்பா, அதுல என் ஓட்டும் இருக்கா?" என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. வாக்குப்பதிவு அன்று அவள் போகவில்லை. ஏம்மா என்று கேட்டேன். "அதான் அன்னைக்கு ராத்திரியே போட்டாச்சே மாமா" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

2009 ஜனவரியில் நம் பக்கத்துத் திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கே 'திருமங்கலம் ஃபார்முலா' என்று பேர் வந்தது. அப்போது தொட்டிலில் கிடந்தவர்கள்தான் இப்போது முதல் ஓட்டுக்காரர்கள். 'யார் வந்தா என்ன' என்பதை அவர்கள் நம் வீட்டுத் திண்ணையில்தான் கற்றுக்கொண்டார்கள்.

உங்கள் மகனிடம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே டங்ஸ்டன் உலோகச் சுரங்கம் வருகிறது என்றதும், 2024 நவம்பர் 23 அன்று சுற்றுவட்டார ஊர்கள் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்தே வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. ஊராட்சியின் ஓட்டர் லிஸ்ட்டில் பேர் இருக்கிற எல்லாரும் கிராம சபையின் உறுப்பினர்கள். சபையில் எழுந்து நின்று ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். லிஸ்ட்டில் பேர் சேர்க்க இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை விரலில் மை வைப்பதோடு முடிகிற காரியமில்லை இது.

பேர் சேர்க்கிற விண்ணப்பம் படிவம் 6, போனிலேயே நிரப்பிவிடலாம். அப்புறம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, எது முதலில் வருகிறதோ அன்றைக்குக் கடையைக் கொஞ்ச நேரம் சாத்திவிட்டு அவனோடு கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். தெருவிளக்கோ வாய்க்காலோ, அவனையே எழுந்து கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அடுத்த தேர்தலில் பட்டியலோடு உங்கள் வாசலுக்கு யாராவது வந்தால், அவன் ஓட்டுக்கு நீங்கள் தலையாட்டாதீர்கள்.

அன்புடன்.